வங்கிக் காவலாளி தட்டு சுட வந்த ஞாயிறு

ஞாயிற்றுக்கிழமை காலையில் துப்பாக்கி சுடப் போகிறேன் என்று சொன்னால், கேட்பவர்கள் முதலில் என் முகத்தைப் பார்ப்பார்கள், பிறகு என் புடவையைப் பார்ப்பார்கள். குன்னூருக்குப் பக்கத்தில் வெலிங்டனில் ராணுவ அலுவலகம் ஒன்றில் சிவிலியன் கிளார்க்காக இருக்கிறேன். லீவு விண்ணப்பங்களும் பென்ஷன் காகிதங்களும்தான் என் வேலை. வயது நாற்பத்தொன்பது. கால்வலி உண்டு. "எதைச் சுடுவீங்க?" என்பதுதான் எப்போதும் அடுத்த கேள்வி. தட்டு என்று பதில் சொல்வேன்.

அது உள்ளங்கை அகலத்தில் ஆரஞ்சு நிறத்தில் இருக்கும். களிமண் தட்டு என்று பெயர்தானே தவிர, இப்போது சுண்ணாம்புப் பொடியையும் தார் மாதிரி ஒரு பொருளையும் சேர்த்துச் செய்கிறார்கள். பள்ளத்தில் மறைத்து வைத்திருக்கும் இயந்திரம் அதைச் சுழற்றி ஆகாயத்தில் எறியும். அது கீழே விழுவதற்குள் சுட்டு உடைக்க வேண்டும். விளையாட்டு அவ்வளவுதான். எந்த உயிரும் சாகாது. உடைந்த சில்லுகளை மதியம் நாங்களே கூடையில் பொறுக்கி எடுத்துவிடுவோம்.

எங்கள் இடம் ஜெகதளாவுக்கு மேலே இருக்கிறது. ஒரு காலத்தில் தேயிலை நின்ற சரிவு. செடிகளைப் பிடுங்கிய பிறகு வேறு எதுவும் நடாமல் புல் ஏறிக் கிடந்ததை ஒரு சின்ன கிளப் குத்தகைக்கு எடுத்தது. ஒரு தகரக் கொட்டகை, இரண்டு பெஞ்சு, பூட்டுப் போட்ட இரும்பு அலமாரி ஒன்று. எதிரே மொட்டைப் பாறை. நாங்கள் சுடும் திசையில் வீடோ பாதையோ ஓடையோ கிடையாது. உறுப்பினர்கள் மொத்தம் ஒரு வேனில் அடங்கிவிடுவார்கள்.

எட்டு வருடங்களுக்கு முன்னால், ஓய்வு பெறும் நாளை எண்ணிக்கொண்டிருந்த ஓர் அதிகாரி எங்கள் செக்‌ஷனில் இருந்த எல்லோரையும் ஒருநாள் அங்கே கூட்டிப் போனார். மற்றவர்கள் துப்பாக்கியோடு போட்டோ எடுத்துக்கொண்டு பஜ்ஜி சாப்பிட்டார்கள். நான் சுட்டேன். அன்று எனக்கு யாரும் ஒன்றும் சொல்லித்தரவில்லை. கையில் கொடுத்து "சுடுங்க" என்றார்கள். துப்பாக்கியின் பின்கட்டையைக் கன்னத்தோடு சேர்த்துப் பிடிக்க வேண்டும் என்று தெரியாததால் அது என் கன்னத்தில் இடித்தது. பின்னால் நின்றவர்கள் சிரித்தார்கள். அடுத்த நாள் பஸ்ஸில் பக்கத்தில் உட்கார்ந்த பெண் என் கன்னத்தின் நீலத்தைக் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, குரலைத் தாழ்த்தி, "ஊட்டுக்காரர் குடிப்பாருங்களா?" என்று கேட்டாள். அந்த பஸ்ஸை ஓட்டிக்கொண்டிருந்ததே என் வீட்டுக்காரர்தான். காப்பியில் சர்க்கரை கூடினாலே தலைசுற்றுகிறது என்பவர் அவர்.

ஆனால் அன்று பதினேழாவதோ பதினெட்டாவதோ தட்டு உடைந்தது. அதை எப்படிச் சொல்வது என்று இன்றும் எனக்குத் தெரியவில்லை. ஆகாயத்தில் முழுசாகப் போய்க்கொண்டிருந்த ஒன்று சட்டென்று புகையாகி நின்றது. நான் இங்கே நிற்கிறேன், அது அங்கே உடைகிறது. இரண்டுக்கும் நடுவில் நான் ஒன்றுமே செய்யாதது போல இருந்தது. வீட்டில், ஆபீஸில், எதைச் செய்தாலும் முடிந்ததா இல்லையா என்று தெரிய நாளாகும். இதில் அரை நொடி. அந்த அரை நொடிக்காகத்தான் மறுவாரமும் போனேன். அதற்கடுத்த வாரம் சல்வார் தைத்துக்கொண்டேன்.

"தட்டு ஒடைக்கறதுக்கு அத்தன தூரம் போகோணுமா? நம்மூட்லயே எத்தன தட்டு இருக்குது" என்பார் என் வீட்டுக்காரர். வாரம் முழுவதும் மஞ்சூர் ரோட்டில் பஸ் ஓட்டுகிறவர். ஆரம்பத்தில் ஞாயிறுதோறும் என்னை ஸ்கூட்டரில் கொண்டுவந்து விட்டுவிட்டு ஓரமாக உட்கார்ந்து பேப்பர் படித்துக்கொண்டிருந்தார். இயந்திரத்தின் பட்டனை அழுத்த ஒருநாள் ஆள் வராமல் போகவே, அவரை அழுத்தச் சொன்னோம். அன்று முதல் அந்த வேலை அவருடையது ஆகிவிட்டது. இதுவரை ஒரு தடவைகூடச் சுட்டதில்லை. சுடுகிறவர் குரல் கொடுத்ததும் ஒரு கண்ணிமைப்பும் தாமதிக்காமல் தட்டை விடுவார். கொண்டை ஊசி வளைவில் பிரேக் போட்டுப் பழகிய கை.

புதிதாக வருகிறவர்களுக்கு முதல்நாள் சொல்லித்தருவதை நானாகத்தான் கேட்டு வாங்கினேன். என் கன்னம்தான் காரணம். முதல்நாள் அடிபட்டவர்கள் மறுபடி வருவதில்லை. நான் விதிவிலக்கு, அவ்வளவுதான். நான் வந்தவுடனே துப்பாக்கியைக் கொடுக்க மாட்டேன். முதலில் நான்கைந்து தட்டுகளை விடச் சொல்லி, ஆட்காட்டி விரலால் அதைத் தொடர்ந்து காட்டச் சொல்வேன். பிறகு எந்தக் கண் வலுவான கண் என்று பார்ப்பேன். எழுதும் கை ஒன்று இருப்பது போல ஒவ்வொருவருக்கும் குறிபார்க்கும் கண் என்றும் ஒன்று உண்டு. பெரும்பாலும் வலதுகைக்காரர்களுக்கு வலதுகண். சிலருக்கு மாறியிருக்கும். அது தெரியாமல் சுட்டால் எவ்வளவு நல்ல கையாக இருந்தாலும் தட்டின் பக்கத்தில்தான் போகும். அதற்குப் பிறகுதான் துப்பாக்கி. அதையும் திறந்து, காலியாக இருப்பதை அவர்கள் கண்ணால் பார்த்த பிறகு.

நான் சொல்லித்தருவதில் பாதி என் வீட்டுக்காரர் சொன்னது. "ஸ்டியரிங்கப் பாத்துட்டு வண்டி ஓட்ட முடியுமா? ரோட்டத்தான பாக்கோணும்" என்று ஒருநாள் பட்டனை அழுத்திக்கொண்டே சொன்னார். துப்பாக்கியைப் பார்க்காதீர்கள், தட்டைப் பாருங்கள் என்று நான் அதுவரை எத்தனையோ விதமாகச் சொல்லியிருக்கிறேன். அதைவிடத் தெளிவாக யாரும் சொன்னதில்லை.

சென்ற வருடம் மழை விட்ட ஒரு ஞாயிற்றுக்கு இரண்டு பேர் பெயர் கொடுத்திருந்தார்கள். போனில் பேசியது ஒரு பெண். கோயம்புத்தூரில் ஒரு ஆஸ்பத்திரியில் பிசியோதெரபிஸ்ட் என்றாள். "நானும் எங்கப்பாவும் வர்றோம் மேடம். அப்பாவுக்கு இது ஒரு சர்ப்ரைஸ். நீங்க எதும் சொல்லிராதீங்க" என்றாள்.

காலை ஒன்பது மணிக்கு ஆட்டோவிலிருந்து இறங்கியபோது அவள் அப்பாவை நான் பார்த்த உடனே தெரிந்துகொண்டேன். குன்னூர் பஜாரில் என் சம்பளக் கணக்கு இருக்கும் வங்கியின் வாசலில் வருடக்கணக்காக ஸ்டூலில் உட்கார்ந்திருந்த காவலாளி. முழங்காலுக்குக் குறுக்கே இரட்டைக் குழல் துப்பாக்கி, தோளில் தோட்டா பெல்ட், கறுப்பு ஃபிரேம் போட்ட பெரிய கண்ணாடி. எப்போது போனாலும் கதவைத் திறந்துவிட்டு, "வாங்க மேடம்" என்பார். நான் "நல்லாருக்கீங்களா" என்பேன். அதற்குமேல் பேசியதில்லை. சீருடை இல்லாமல், சலவை செய்த வெள்ளைச் சட்டையில் அவர் சிறுத்துப்போனது போல இருந்தார்.

அவருக்கும் என்னைத் தெரிந்தது. "வாங்க மேடம்" என்றார், வந்தது அவர்தான் என்றாலும்.

அப்போதுதான் கொட்டகையின் மேஜையில் இருந்த துப்பாக்கிகளைப் பார்த்தார். மகளைத் திரும்பிப் பார்த்தார்.

"இதுக்கா கூட்டிட்டு வந்த?"

"ரிட்டயர் ஆயி ஒரு வருசமா வீட்லயே உக்காந்திருக்கீங்கல்ல. இருபத்திரெண்டு வருசம் கையில வச்சிருந்தது. ஒரு நாளாவது ஆசைக்குச் சுடுங்களேன்ப்பா" என்றாள் மகள்.

அவர் பதிவேட்டில் கையெழுத்துப் போட்டார். அடையாள அட்டையைச் சட்டைப் பையிலிருந்து எடுத்து, ஒருமுறை துடைத்துவிட்டுக் கொடுத்தார். அதை நான் சந்தோஷம் என்றே எடுத்துக்கொண்டேன்.

மகளுக்கு எல்லாம் முறையாகச் செய்தேன். விரலால் காட்டச் சொன்னேன், கண்ணைப் பார்த்தேன், துப்பாக்கியைத் தோளில் வைக்கும் விதத்தைச் சொன்னேன். அவள் வேலையே தோளும் முட்டியும் என்பதால் சட்டென்று புரிந்துகொண்டாள். அவரிடம் வந்தபோது எனக்குத் தயக்கமாகிவிட்டது. இருபத்திரண்டு வருடம் துப்பாக்கியோடு உட்கார்ந்தவரிடம் விரலை நீட்டிக் காட்டுங்கள் என்று எப்படிச் சொல்வது? அது அவமரியாதை என்று பட்டது. "உங்களுக்கு எல்லாம் தெரியுமுங்களேண்ணா" என்று சொல்லித் துப்பாக்கியை நீட்டினேன். அவர் அதை வாங்கிய விதத்தைப் பார்த்து இன்னும் நிச்சயமாகிவிட்டது. குழலை ஒருவர் பக்கமும் திருப்பாமல் வாங்கி, திறந்து, உள்ளே பார்த்து, என்னிடமும் காட்டினார். எங்கள் பழைய உறுப்பினர்கள்கூட அவ்வளவு கவனமாகச் செய்வதில்லை.

மகள் முதலில் நின்றாள். தட்டை விடச் சொல்லி இங்கே எல்லோரும் "புல்" என்று குரல் கொடுப்பார்கள். 'இழு' என்று பொருள்படும் அந்த ஆங்கில வார்த்தை தமிழ்க் காதுக்குப் புல்லைக் கேட்பது போல இருக்கும். அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. சிரித்து முடித்துச் சுட்டதில் நான்காவது தட்டு இரண்டாக உடைந்தது. ஏழாவது பொடிப்பொடியாகப் போனது. "அப்பா, பாத்தீங்களா" என்று திரும்பப் போனவள், நான் சொன்னது நினைவுக்கு வர, துப்பாக்கியைத் திறந்துவிட்டுத் திரும்பினாள்.

பிறகு அவர் நின்றார். "உடுங்க" என்றார், மெல்ல. என் வீட்டுக்காரர் நேராகப் போகிற, மெதுவான தட்டாக விட்டார். வெடிச் சத்தம் பாறையில் பட்டுத் திரும்பியது. தட்டு முழுசாகப் போய்ப் புல்லில் இறங்கியது. இரண்டாவதும் அப்படித்தான். மூன்றாவதும்.

தோளுக்குப் பின்னால் நின்று பார்த்தால் ஈயக் குண்டுகள் போகும் வழி ஒரு நிழல் மாதிரி தெரியும். பழகிய கண்ணுக்குத்தான் அது தெரியும். அவருடைய குண்டுகள் ஒவ்வொரு தடவையும் தட்டுக்கு இடப்பக்கமாகப் போயின. "கொஞ்சம் இடப்பக்கம் போகுதுங்கண்ணா. டிரிக்கர இழுக்கறப்ப கைய அசைக்காதீங்க" என்றேன். "சரிங்க மேடம்" என்றார். அடுத்ததும் இடப்பக்கம். "கைய லேசா வச்சுக்கங்க" என்றேன். அதுவும் இடப்பக்கம். பத்தாவது தட்டுக்குப் பிறகு அவர் துப்பாக்கியைத் திறந்து, தோட்டாக்களை எடுத்து, மேஜையில் வைத்துவிட்டு, "போதுங்க மேடம்" என்றார். முகத்தில் கோபமில்லை. வங்கியில் கதவைத் திறந்துவிடும்போது இருக்கிற அதே முகம். அதுதான் எனக்குக் கஷ்டமாக இருந்தது.

மகள், "இன்னும் அஞ்சு சுடுங்கப்பா" என்றாள். அவர் வேண்டாமென்று தலையை ஆட்டினார்.

என்ன சொல்லித் தேற்றுவது என்று நான் யோசித்துக்கொண்டிருந்தபோது என் வீட்டுக்காரர் விசில் ஊதினார். களத்துக்கு மேல்பக்கம் தேயிலைச் செடிகளுக்கு நடுவிலிருந்து காட்டெருமைகள் இறங்கிக்கொண்டிருந்தன. நான்கு பெரியவை, ஒரு கன்று. அவை வந்தால் எங்களுக்கு ஒரே விதிதான். எல்லாத் துப்பாக்கியும் காலியாகி அலமாரிக்குள் போக வேண்டும். அவை போகும்வரை யாரும் சத்தம் போடக்கூடாது. அலமாரியைப் பூட்டிவிட்டு நான்கு பேரும் கொட்டகைக்குள் பெஞ்சில் உட்கார்ந்தோம். ஃபிளாஸ்கிலிருந்த டீயை ஊற்றினேன். ஊட்டி வர்க்கி பிஸ்கட் ஒரு பொட்டலம் இருந்தது.

காட்டெருமைகள் அவசரமே இல்லாமல் மேய்ந்தன. ஒன்று எங்கள் இயந்திரம் இருக்கும் பள்ளத்தை முகர்ந்து பார்த்தது.

"ஏனுங்ணா, பேங்க்ல இருந்தப்ப எப்பவாச்சும் சுட வேண்டி வந்துதுங்களா?" என்று என் வீட்டுக்காரர் தணிந்த குரலில் கேட்டார். அவருக்கு நெடுநாள் சந்தேகமாம் அது.

"ஒருநாளும் இல்லீங்க" என்றார் காவலாளி. டீயை ஒரு வாய் குடித்தார். பிறகு, "வந்திருந்தாலும் சுட்டிருக்க முடியாதுங்க" என்றார்.

மகள் நிமிர்ந்து பார்த்தாள்.

"எங்கிட்ட இருந்த தோட்டா எல்லாம் பழசுங்க. நான் சேர்றதுக்கு முன்னாடியே இருந்தது. அட்டைத் தோட்டா. நம்ம ஊரு மழைக்கு ஊறி உப்பிப்போச்சு. அடியில பித்தள பச்ச பூத்துருச்சு. ஒருநாள் தொடைக்கறப்ப போட்டுப் பாத்தேன், குழலுக்குள்ளயே போகல. மேனேஜர்கிட்டச் சொன்னேன். எழுதிப் போட்டிருக்கேன்னாரு. அவரு மாறிப் போனாரு. அடுத்தவருகிட்டச் சொன்னேன். அவரும் எழுதினாரு. பத்துப் பன்னெண்டு வருசம் அப்புடியே போயிருச்சு."

"அப்ப நீங்க?" என்றேன்.

"உக்காந்திருந்தேங்க. வேற என்ன பண்றது? காலைல கதவு தெறக்கும்போது, இன்னிக்கு ஒருத்தனும் வரக்கூடாதுன்னு கும்பிட்டுக்குவேன். சாயங்காலம் ஷட்டர் எறக்கினா, சரி, ஒருநாள் போச்சுன்னு ஊட்டுக்கு வருவேன். சின்னப் புள்ளைங்க வந்து, தாத்தா இதுல குண்டு இருக்கான்னு கேக்கும். இருக்குதுன்னுதான் சொல்லோணும்."

"எங்ககிட்ட ஒரு வார்த்த சொன்னதில்லையேப்பா" என்றாள் மகள்.

"அப்பன் வெறுந்துப்பாக்கியோட உக்காந்திருக்கான்னு பள்ளிக்கூடத்துல போய்ச் சொல்லுவியா?" என்றார். அதைக் கேட்டு அவள் சிரிக்கவும் முடியாமல் சும்மா இருக்கவும் முடியாமல் வர்க்கியைப் பிய்த்துக்கொண்டிருந்தாள்.

அவர் குடும்பம் இலங்கைத் தேயிலைத் தோட்டத்திலிருந்து வந்தது. கப்பலேறி வந்தபோது அவர் கைக்குழந்தை. அப்பாவும் அம்மாவும் மஞ்சூர்ப் பக்கம் கொழுந்து எடுத்தார்கள். தோட்டத் தொழிலாளர் குடியிருப்பான லயத்தில் வளர்ந்த பையன்களில் தோட்டத்தைவிட்டு வேறு வேலைக்குப் போன முதல் ஆட்களில் அவரும் ஒருவர். அந்தச் சீருடையைப் போட்டுக்கொண்டு முதல்நாள் லயத்து வழியாக நடந்தபோது அவருடைய அம்மா பின்னாலேயே பஸ் வரைக்கும் வந்தாளாம். இதையெல்லாம் அவர் யாரையும் பார்த்துச் சொல்லவில்லை. காட்டெருமைகளைப் பார்த்துச் சொன்னார்.

"வேலைக்குச் சேக்கறப்ப அஞ்சு ரவுண்டு சுடச் சொன்னாங்க" என்று தொடர்ந்தார். "மண்மூட்டைல காகிதம் ஒட்டியிருந்துது. அஞ்சும் இடது பக்கந்தான். மூணு காகிதத்துக்கு இடது ஓரத்துல பட்டுச்சு. ரெண்டு வெளியவே போயிருச்சு. சொல்லிக்குடுத்தவரு எல்லாரு முன்னாடியும், உனக்குக் கை நடுங்குதுய்யா, எவனாவது வந்தா நீ பக்கத்துக் கடைக்காரனத்தான் சுடுவேன்னாரு. எல்லாரும் சிரிச்சாங்க. எனக்குத் தெரிஞ்சு போச்சுங்க, நான் பயந்தாங்கொள்ளின்னு. தோட்டா போகாதுன்னு தெரிஞ்சப்ப, ஒரு பக்கம் நிம்மதியாக்கூட இருந்துது. இன்னிக்குப் பாத்தீங்கல்ல? பத்தும் அதே பக்கம். நடுக்கம் போகல."

டீ என் கையில் ஆறிக்கொண்டிருந்தது. இடது ஓரம் என்று அவர் சொன்னபோதே கப்பைக் கீழே வைத்துவிட்டேன். நடுங்குகிற கை எல்லாப் பக்கமும் போகும். அன்று ஐந்தும் இன்று பத்துமாகப் பதினைந்து தடவையும் ஒரே பக்கம் போகாது.

"அண்ணா, ரெண்டு கையையும் முன்னால நீட்டுங்க" என்றேன்.

அவர் கப்பைக் கீழே வைத்துவிட்டு நீட்டினார். இரண்டு உள்ளங்கைகளையும் சேர்த்து நடுவில் ஒரு சின்ன ஓட்டை இருக்கும்படி வைத்துக் காட்டினேன். "ரெண்டு கண்ணும் தெறந்தே இருக்கட்டும். அந்த ஓட்டை வழியா அதோ அந்த சில்வர் ஓக் மரத்தப் பாருங்க. பாத்துட்டே கைய மெதுவா மூஞ்சிக்குக் கொண்டுவாங்க."

கைகள் மெதுவாக வந்தன. நேராக இடது கண்ணில் போய் நின்றன.

இன்னொரு தடவை செய்யச் சொன்னேன். இடதுகண். மூன்றாம் தடவையும் இடதுகண்.

"நீங்க எழுதறது வலது கைதானுங்களே?"

"ஆமாங்க. சோறு திங்கறது, எழுதறது எல்லாம் வலதுதான்."

"துப்பாக்கிய வலது தோள்ல வைக்கறீங்க. ஆனா உங்களுக்குக் குறி பாக்கறது இடது கண்ணுங்க. தோளு ஒரு பக்கம், கண்ணு ஒரு பக்கம். அதனாலதான் எப்பவும் இடப்பக்கம் போகுது. ரொம்பப் பேருக்கு இப்படி இருக்குமுங்க. மொதல்லயே நான் பாத்திருக்கோணும். உங்க மகளுக்குப் பாத்தேன், உங்களுக்குப் பாக்கல. தப்பு என்னோடதுங்கண்ணா."

அவர் நான் சொன்ன கடைசி வாக்கியங்களைக் கேட்டதாகவே தெரியவில்லை. தன் வலதுகையை மடியில் வைத்து, விரல்களை விரித்துப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"அப்பக் கை நடுங்கலீங்களா?" என்றார்.

"இல்லீங்க. கண்ணுதான் மாறியிருக்குது."

மகள் அப்பாவின் மணிக்கட்டைப் பிடித்துத் திருப்பிப் பார்த்தாள், ஆஸ்பத்திரியில் நோயாளியின் கையைப் பார்ப்பது போல. "எனக்குத் தெரியுமேப்பா. ஊசில நூல் கோக்கறதே வீட்ல நீங்கதான். நடுங்கற கைல கோக்க முடியுமா?" என்றாள். அதை அவர் யோசித்துப் பார்த்ததே இல்லை போல.

காட்டெருமைகள் முக்கால் மணி நேரம் கழித்துத்தான் மறுசரிவுக்கு இறங்கின. கன்றும் அதன் அம்மாவும் கடைசியாகப் போயின. என் வீட்டுக்காரர் மேலே ஏறிப் பார்த்துவிட்டுக் கையைக் காட்டினார். அலமாரியைத் திறந்தேன்.

இந்த வயதில் தோளை மாற்றச் சொன்னால் முதல்நாளே எல்லாம் குழப்பமாகிவிடும். அதைவிடச் சுலபமான வழி ஒன்று உண்டு. குறுக்கே வருகிற இடதுகண்ணுக்கு நேராக மூக்குக்கண்ணாடியில் சின்னதாக எதையாவது ஒட்டிவிட்டால், அந்தக் கண் குழலின் முனையைப் பார்க்காது. மற்றதெல்லாம் பார்க்கும். வழக்கமாக ஒரு துண்டு டேப் ஒட்டுவேன். அன்று டேப் தீர்ந்திருந்தது. கொட்டகை முழுக்கத் தேடினோம். கடைசியில் மகள் என் நெற்றியைப் பார்த்து, "மேடம், பொட்டு?" என்றாள்.

கைப்பையில் ஒரு அட்டை ஸ்டிக்கர் பொட்டு இருந்தது. கறுப்பில் நடுத்தர அளவாக ஒன்றை எடுத்தேன். துப்பாக்கி காலியாக இருப்பதை நானும் அவரும் பார்த்தோம். அவர் அதைத் தோளில் வைத்து, கன்னத்தைச் சேர்த்து, வலதுகண்ணை மூடிக்கொண்டார். குழலுக்கு முன்னால் நிற்கும் வழக்கம் எங்களிடம் கிடையாது. அதனால் நான் பக்கவாட்டில் நின்று பொட்டை இடதுகண்ணாடியின் மேல் நகர்த்திக்கொண்டே போனேன்.

"முனை தெரியுதுங்களா?"

"தெரியுது. இன்னும் தெரியுது. இப்ப மறைஞ்சிருச்சுங்க."

அங்கேயே ஒட்டி அழுத்தினேன். அவர் நிமிர்ந்தபோது என் வீட்டுக்காரர் முகத்தைத் திருப்பிக்கொண்டார். மகள் வாயைப் பொத்திக்கொண்டாள். "சிரிச்சுக்கங்க" என்றார் அவர். அவர் உதட்டிலும் லேசாக ஏதோ இருந்தது.

முதல் தட்டு உடையாமல் போய்விட்டது. ஆனால் குண்டு இடப்பக்கம் போகவில்லை, தட்டுக்கு மேலே போனது. "இப்ப உங்க குண்டு நேராப் போகுதுங்க. தட்டு எறங்கறதுக்குள்ள சுடுங்க, அவ்வளவுதான்" என்றேன். இரண்டாவதும் போய்விட்டது. மூன்றாவதற்கு அவர் கொஞ்ச நேரம் நின்றார். என் வீட்டுக்காரர் பட்டனில் விரலை வைத்துக்கொண்டு காத்திருந்தார்.

"உடுங்க."

தட்டு எழும்பியது. குழல் அதோடு சேர்ந்து எழும்பியது. சத்தம் வந்தபோது பாறைக்கு முன்னால் ஆரஞ்சுப் புகை ஒன்று நின்று, காற்றில் வலப்பக்கமாகக் கலைந்தது.

யாரும் கைதட்டவில்லை. அவர் துப்பாக்கியைத் திறந்தார். காலித் தோட்டா வெளியே வந்து விழுந்தது. அதைக் குனிந்து எடுக்காமல், எங்களைத் திரும்பிப் பார்க்காமல், தட்டு இருந்த இடத்தையே பார்த்துக்கொண்டு கேட்டார்.

"அது நான் சுட்டதுதானுங்களா?"

"வேற யாரு சுட்டாங்க?" என்றார் என் வீட்டுக்காரர்.

"இல்ல, காத்துல தானா ஒடஞ்சிருக்குமோன்னு."

"தானா ஒடையற தட்டு வாங்கறதில்லீங்க நாங்க."

அப்போதுதான் அவர் திரும்பி மகளைப் பார்த்தார். அவள் கையில் போன் இருந்தது. படம் எடுப்பதற்காகத்தான் பிடித்திருந்தாள். எடுக்க மறந்துவிட்டிருந்தாள். "ஐயோ அப்பா, நான் எடுக்கல" என்றாள்.

"பரவால்ல. நீ பாத்தீல்ல" என்றார்.

அதற்குப் பிறகு பன்னிரண்டு தட்டுகள் சுட்டார். ஐந்து உடைந்தன. நான் பார்த்த புதியவர்களில் அது பெரிய கணக்கு ஒன்றுமில்லை. ஒவ்வொரு தடவையும் "உடுங்க" என்ற குரல் மட்டும் கொஞ்சம் கொஞ்சமாகப் பெரிதாகிக்கொண்டே வந்தது. கடைசியில் மறுசரிவு வரைக்கும் கேட்டிருக்கும். முடிந்ததும் யாரும் கேட்காமலே எண்ணெயும் துணியும் எடுத்துக்கொண்டு உட்கார்ந்து, அன்று சுட்ட இரண்டு துப்பாக்கிகளையும் துடைத்தார். அவர் துடைத்து வைத்த பிறகுதான் எங்கள் துப்பாக்கியின் மரத்தில் அத்தனை அழகான ரேகைகள் இருப்பது எனக்குத் தெரிந்தது.

ஆட்டோ வருவதற்காக நின்றபோது நான் மறுபடியும் மன்னிப்புக் கேட்டேன். காலையிலேயே கண்ணைப் பார்த்திருந்தால் அந்தப் பத்துத் தட்டும் அவருக்கு அப்படிப் போயிருக்காது.

"நீங்க என்னைப் பெரிய ஆளுன்னு நெனச்சதுனாலதானுங்களே பாக்காம உட்டீங்க" என்றார். "அதுல என்ன தப்பு மேடம்? அப்புடி நெனச்சவங்க ரொம்பப் பேரு இல்லீங்க."

கண்ணாடியிலிருந்த பொட்டை எடுக்கச் சொல்லி நான் கையை நீட்டினேன். அவர் தானே எடுத்து, சட்டைப் பையிலிருந்த அடையாள அட்டையின் பின்பக்கத்தில் ஒட்டிக்கொண்டார்.

அவர் வாராவாரம் வருவார் என்று நினைத்தேன். உறுப்பினர் படிவம்கூட எடுத்து வைத்திருந்தேன். மகள்தான் வந்தாள், மாதத்துக்கு ஒரு தடவை, கோயம்புத்தூரிலிருந்து முதல் பஸ் பிடித்து. இப்போது குறுக்கே பறக்கிற தட்டைக்கூட உடைக்கிறாள். "அப்பா வரலையா" என்று கேட்கும்போதெல்லாம், "கூப்பிட்டேன் மேடம். போதும்கறாரு" என்பாள். எனக்கு முதலில் வருத்தமாக இருந்தது. என்னிடம் சுடக் கற்றவர்கள் என்னைப் போலவே அதில் விழுந்துவிட வேண்டும் என்று எனக்கு உள்ளூர ஒரு ஆசை உண்டு. சிலருக்கு அது வாழ்நாள் முழுக்க வேண்டும். சிலருக்கு ஒரு காலை போதும் என்பதை ஒத்துக்கொள்ள எனக்கு நாளானது.

ஒரு விஷயம் மட்டும் மாறிவிட்டது. போன மாதம் ராணுவத்தில் சுபேதாராக இருந்து ஓய்வு பெற்ற ஒருவர் வந்தார். மார்பில் பட்டை பட்டையாக நிறப் பதக்கம் அணிந்திருந்த காலத்துப் படத்தைப் போனில் காட்டினார். "எல்லாம் எனக்குத் தெரியும்மா" என்றார். "தெரியுமுங்க. இருந்தாலும் ரெண்டு கையையும் முன்னால நீட்டுங்க" என்றேன். கொஞ்சம் முறைத்துவிட்டு நீட்டினார்.

காவலாளியைச் சனிக்கிழமைகளில் குன்னூர் மார்க்கெட்டில் பார்க்கிறேன். பீன்ஸை ஒவ்வொன்றாக ஒடித்துப் பார்த்து வாங்குவார். இப்போதெல்லாம் "வாங்க மேடம்" என்பதில்லை.

"ஒடையுதுங்களா?" என்பார்.

"ஒடையுதுங்க" என்பேன்.

"ஒடையட்டும்" என்று சொல்லிவிட்டு, அடுத்த பீன்ஸை எடுப்பார்.